முன்சக்கரத்தை மட்டும் பிடித்து என்ன பயன்?

தமிழ்நாட்டில் ‘பைக் பார்க்கிங்’ என்று பலகை மாட்டினால் யாருக்கும் சைக்கிள் நினைவுக்கு வராது. பைக் என்றாலே மோட்டார் சைக்கிள்தான். குடியிருப்பின் தரைத்தளத்தில் காருக்குக் கோடு போடுகிறார்கள், வண்டிகளுக்கு வரிசை ஒதுக்குகிறார்கள், இப்போது மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட பிளக் பாயின்டும் வைக்கிறார்கள். சைக்கிள்கள் படிக்கட்டுக்கு அடியிலும் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. இது பொறுக்காமல் குடியிருப்போர் பணம் போட்டு ஒரு ரேக் வாங்கலாம் என்று முடிவெடுக்கும்போது, பத்துக்கு ஒன்பது இடங்களில் அவர்கள் தேர்ந்தெடுப்பது ஒரே பொருளைத்தான்: தரையில் படுத்திருக்கும் கம்பிச் சட்டம், அதில் வரிசையாக இடைவெளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சைக்கிளின் முன்சக்கரத்தைச் செருக வேண்டும். விலை குறைவு, பார்க்க ஒழுங்கு, பொருத்துவது சுலபம். வாங்காதீர்கள் என்பதே என் தீர்ப்பு. காரணம் ஒன்றுதான், மற்ற குறைகளெல்லாம் அதிலிருந்து கிளைப்பவை. இந்த ரேக் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடிக்கிறது, சைக்கிளைப் பிடிப்பதில்லை.

மாதனூரை வைத்துப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, பாலாற்றங்கரையில் இருக்கும் ஊர். சுற்றுவட்டாரத்துக்குச் சோறு போடுபவை தோல் தொழிலும் ஷூ கம்பெனிகளும். ஷூ கம்பெனிகளில் தையலிலும் ஒட்டுவேலையிலும் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கீழே நிறுத்துமிடம், மேலே வாடகைக்கு நான்கைந்து வீடு என்று இப்படிப்பட்ட ஊர்களில் எழும் கட்டடங்களில் என்னென்ன சைக்கிள் நிற்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்வர ஒரு பி.எஸ்.ஏ. லேடிபேர்ட். 11-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு அரசு கொடுத்த இலவச சைக்கிள், பக்கத்து வீட்டிலும் அதே வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தால் அச்சு அசலாக அதேபோல இன்னொன்று. பெரியவர் ஒருவரின் பழைய ஹெர்குலிஸ், கேரியரும் டபுள் ஸ்டாண்டுமாக. சின்னப் பையனின் தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள், டிஸ்க் பிரேக்கோடு. உயரம், டயர், பிரேம், எடை எதிலும் ஒன்றுக்கொன்று ஒட்டாத இந்த நான்கையும் ஒரே அளவு இடைவெளியில் செருகச் சொல்கிறது அந்த ரேக்.

முதல் வாரம் எல்லாம் நன்றாகவே இருக்கும். வண்டிகள் வரிசையாக நிற்கும், தரை பெருக்க வசதியாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் புழங்கிய பிறகுதான் ரேக்கின் குணம் வெளிப்படும். சைக்கிள் சக்கரம் மேலிருந்து வரும் எடையைத் தாங்கச் செய்யப்பட்டது. மெல்லிய கம்பிகள் ரிம்மைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்திருப்பதால் ஆளையும் மூட்டையையும் சேர்த்து அது சுமக்கும். பக்கவாட்டில் தள்ளினால் அதற்கு அந்த வலு இல்லை. செருகு ரேக் தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் சக்கரத்தை இறுக்கிக்கொள்கிறது. ஹேண்டில்பாரோ அதற்கு வெகு மேலே, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்து வண்டியை எடுப்பவர் ஹேண்டிலில் இடித்தாலும், கேரியரில் அரிசிப் பை இருக்கும்போது வண்டி சாய்ந்தாலும், அந்த நெம்பு விசை முழுவதும் ரேக்கின் வாயில் மாட்டியிருக்கும் ரிம்மில்தான் இறங்கும். நம் ஊர் பெரிய சைக்கிளில் வழக்கமாக முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. எடை பின்னால் விழும் என்று கணக்குப் போட்டுத்தான் பின்சக்கரத்தை வலுவாகச் செய்தார்கள். ரேக் செய்பவர்கள் பிடிமானத்துக்குத் தேர்ந்தெடுத்ததோ இரண்டில் இளைத்த சக்கரத்தை. அதில் கோட்டம் விழுந்தால் பிரேக் கட்டை உரசும், வண்டி ஆடும், கடைக்காரரிடம் கொண்டுபோய் கம்பிகளை முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். ஆங்கிலம் பேசும் நாடுகளின் சைக்கிள்காரர்கள் இந்த வகை ரேக்குக்கு ‘சக்கரம் வளைப்பான்’ என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் பாதசாரி, சைக்கிள் துறை வல்லுநர் சங்கம் 2015-இல் வெளியிட்ட நிறுத்துமிட வழிகாட்டியும் இதைத் தவிர்க்க வேண்டிய வகைகளில்தான் வைத்திருக்கிறது.

வளைவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு என்று சொல்லி விற்கும் பொருளில் பாதுகாப்பு எங்கே என்று தேடும்போதுதான் கோபம் வருகிறது. நம் சைக்கிளின் பூட்டு எங்கே இருக்கிறது? பின்சக்கரத்தில், சீட்டுக்குக் கீழே, குதிரை லாடம் போல வளைந்து கம்பிகளுக்கு நடுவே புகுந்து நிற்கும் பூட்டு. அது சக்கரத்தைச் சுற்றவிடாது, அவ்வளவுதான். வண்டியைத் தரையோடோ சுவரோடோ அது கட்டுவதில்லை. பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போனால் பூட்டிய வண்டியும் போய்விடும். பூட்டு பின்னால், ரேக் முன்னால், இரண்டையும் இணைக்க எதுவும் இல்லை. சங்கிலி வாங்கி முன்சக்கரத்தை ரேக்கோடு கட்டினால் நிலைமை மாறாது. அச்சின் இரு நட்டுகளை ஒரு ஸ்பேனரால் கழற்றினால் சக்கரம் மட்டும் ரேக்கில் நிற்கும், மீதி வண்டி கிளம்பிவிடும். புதிய மாடல்கள் சிலவற்றில் ஸ்பேனர்கூட வேண்டாம், ஒரு லிவரைத் திருப்பினால் போதும். பிரேமையும் ரேக்கையும் சேர்த்துக் கட்ட வேண்டுமென்றால் ரேக்கின் கம்பி பிரேம் வரை எட்ட வேண்டும். இது முழங்காலுக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. நீளமான கேபிள் பூட்டு வாங்கி எட்ட வைக்கலாம். ஆனால் விலை குறைந்த கேபிளை ஒரு கட்டர் சில நொடிகளில் அறுத்துவிடும். நீளச் சங்கிலி தரையில் தொங்கினால் நிலைமை இன்னும் மோசம். கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி மற்றதை உடம்பால் அழுத்த வசதி கிடைத்துவிடும். பூட்டு தரையைத் தொடாமல், இடுப்புயரத்தில், வண்டிக்கும் இரும்புக்கும் நடுவே இடமில்லாமல் இறுகியிருக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இந்த ரேக்கை வாங்குபவர்கள் கடைசியில் சொல்லும் நியாயம் எண்ணிக்கை. ‘பத்து சைக்கிள் நிற்கும், மூன்று மீட்டர் போதும்.’ அந்தக் கணக்கு தவறு. இடைவெளிகள் 30 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று இருக்கும். ஹேண்டில்பாரின் அகலமோ ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டைச் செருகினால் ஒன்றின் ஹேண்டில் மற்றதன் பிரேக் ஒயரில் சிக்கும். ஆகவே நடைமுறையில் எல்லோரும் ஒன்று விட்டு ஒன்றாகத்தான் நிறுத்துவார்கள். பத்து என்று விற்றது ஐந்தாகிவிடும். மீட்டருக்கு இரண்டு சைக்கிள்கூட வராது. முன்சக்கரங்களை ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றித் தூக்கிப் பிடிக்கும் வகை இருக்கிறது, அதில் ஹேண்டில்கள் இடிக்காது, உண்மையிலேயே அதிகம் நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது.

டயர் அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒன்றரை அங்குல டயருக்கு, அதாவது சுமார் நான்கு சென்டிமீட்டருக்கு, அளவெடுத்த இடைவெளியில் இன்றைய பிள்ளைகளின் இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட டயர் நுழைவதில்லை. நான்கு அங்குல ஃபேட் டயரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அகலமாக வைத்தால் பழைய சைக்கிள் அதில் கடகடவென்று ஆடி மட்கார்டை நசுக்கிக்கொள்ளும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் அந்த மெல்லிய உலோகத் தட்டு சக்கரத்தின் நடுவில், ரேக்கின் கம்பி எட்டும் இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் கோணலாகச் செருகினாலும் தட்டு வளையும். பிறகு சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை உரசிச் சத்தம் போடும். பிள்ளைக்கு ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த வண்டி இது. அம்பத்தூரில் 1949-இல் பிறந்த டி.ஐ. சைக்கிள்ஸ் முதற்கொண்டு எத்தனையோ நிறுவனங்கள் ரோட்ஸ்டர், லேடிபேர்ட், மலைச் சைக்கிள் என்று வாடிக்கையாளரைப் பார்த்து வண்டியை மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. ரேக் செய்பவர்கள் மட்டும் எல்லா சைக்கிளும் ஒன்றே என்ற நினைப்பில் அரை நூற்றாண்டாக அதே கம்பியை வளைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்று எளியது, கடையில் வாங்க வேண்டியதும் இல்லை. கவிழ்த்து வைத்த ‘யு’ எழுத்தைப் போல ஒரு பைப், தரையில் ஊன்றியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தின் பெயரால் உலகமெங்கும் அறியப்படுவது. சைக்கிளை அதன் பக்கத்தில் சாய்த்து நிறுத்தினால் பிரேமின் முழு நீளத்துக்கும் பைப் துணை கிடைக்கும். வண்டி இரண்டு இடத்தில் தாங்கப்படுகிறது, ஆகவே சக்கரத்தில் விசை விழுவதில்லை. டயரின் அகலம், சக்கரத்தின் உயரம், டிஸ்க் உண்டா இல்லையா என்ற கேள்விகளே எழுவதில்லை. பூட்டைப் பிரேமோடும் சக்கரத்தோடும் சேர்த்துப் போடலாம். ஒரு பைப்புக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாக, எதிரெதிர் திசையில் இரண்டு சைக்கிள். பைப்புக்குப் பைப் ஒரு மீட்டர் இடைவெளி விட்டால் மீட்டருக்கு இரண்டு, மேலே சொன்ன செருகு ரேக்கின் உண்மைக் கணக்கைவிட அதிகம். உயரம் 75 சென்டிமீட்டர், நீளம் முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர். மாதனூருக்கு ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்: நடுவில், முழங்கால் உயரத்தில், ஒரு குறுக்குப் பைப். லேடிபேர்டின் பிரேம் தாழ்வாக வளைந்து இறங்குவதால் மேல் பைப்புக்கு அது எட்டாது. சின்னப் பிள்ளைகளின் வண்டிக்கும் அப்படியே. கம்பெனிப் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம் சைக்கிள் மிதிக்கும் கட்டடத்தில் அந்தக் குறுக்குப் பைப் இல்லாமல் யு பைப் போடுவது பாதி வேலைதான்.

ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ எந்த கிரில் பட்டறையிலும் இதைச் செய்து வாங்கலாம். கேட்கும்போது வாய்க்கு வந்த அளவைச் சொல்லாமல் ‘நாற்பது எம்.எம்., பி கிளாஸ் ஜி.ஐ. பைப்’ என்று சொல்ல வேண்டும். வெளி விட்டம் 48.3 மில்லிமீட்டர், சுவர்த் தடிமன் 3.2 மில்லிமீட்டர். கைப்பிடிக் கிரிலுக்குப் போடும் மெல்லிய பைப்பை ஹாக்சா பிளேடு சீக்கிரம் தின்றுவிடும், இதில் வேலை அதிகம், சத்தமும் அதிகம். தண்ணீர்க் குழாய் போல இரண்டு எல்போ திருகி யு வடிவம் செய்துதர பிளம்பர் முன்வரலாம், ஒப்புக்கொள்ளக் கூடாது. மரையில் திருகியதைப் பைப் ரென்ச் வைத்துத் திருகியே கழற்றிவிடலாம். வளைத்த பைப்பே சிறந்தது, இல்லாவிட்டால் எல்போவை முழுச்சுற்று வெல்டிங் செய்ய வேண்டும். தரை என்ன தரை என்று பார்ப்பதும் முக்கியம். பல நிறுத்துமிடங்களில் மண்ணை நிரவி மேலே மூன்று நான்கு அங்குலம் ஜல்லிக் கான்கிரீட் போட்டு டைல் ஒட்டியிருப்பார்கள். அதில் ஆங்கர் போல்ட் அடித்தால் சில மாதத்தில் ஆடத் தொடங்கும். தரையை வெட்டி, ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, காலின் அடியில் குறுக்குக் கம்பி வைத்து, கான்கிரீட்டில் புதைப்பதே உறுதி. போல்ட்தான் போட முடியும் என்றால் நட்டின்மேல் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிட வேண்டும்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு எச்சரிக்கை உண்டு. பச்சைத் தோலை அழுகாமல் வைக்க உப்புத் தடவுவார்கள். தோல் தொட்டிக்குள் போகும்போது அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் இறங்கும். பல பத்தாண்டுகளாகப் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்ட கதை இதுதான். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததும், கெடுத்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதும் இதனால்தான். ரேக்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் கட்டடத்தில் அதே தண்ணீரை ஊற்றித்தான் நிறுத்துமிடத்தைக் கழுவுவார்கள். பெயின்ட் மட்டும் அடித்த இரும்பின் கால், தரையைத் தொடும் அந்த ஒரு விரற்கடை வளையத்தில் முதலில் துருப்பிடிக்கும். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் அரித்திருக்கும், ஓர் உதையில் உடையும். அதனால்தான் துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜி.ஐ. பைப். வெல்டிங் செய்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கே துத்தநாகம் மிகுந்த பெயின்டை மறுபடி பூசச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காலைச் சுற்றியும் இரண்டு அங்குல உயரத்துக்குச் சரிவாகச் சிமென்ட் மேடை கட்டினால் கழுவிய தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். இந்தச் சின்ன மேடைக்கு ஆகும் செலவு அற்பம், ரேக்கின் ஆயுளையே அது தீர்மானிக்கும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது: இந்த ஊரில் சைக்கிளை யார் திருடப் போகிறார்கள், எல்லோரும் தெரிந்தவர்கள். திருட்டு நடக்கவே நடக்காது என்று வைத்துக்கொண்டாலும் வளையாத சக்கரம், கீழே விழாத வண்டி, கீறல் படாத பக்கத்துக் கார் என்று யு பைப்பின் தினசரிப் பலன் மிச்சம் இருக்கிறது. திருட்டு நடந்தாலோ, காரை இழந்தவருக்கு இன்சூரன்ஸ் உண்டு. அரசு கொடுத்த சைக்கிளை இழந்த 11-ஆம் வகுப்பு மாணவிக்கு இன்னொன்று கிடைக்காது. மறுநாள் பள்ளிக்கு எப்படிப் போவது என்பது அந்த வீட்டில் பெரிய கேள்வி. பொருளின் விலை குறைவு என்பதால் இழப்பும் சிறிது என்று எண்ணுவது சரியல்ல.

இரண்டாவது வாதம் வலுவானது. ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி என்று எந்த ரயில் நிலையத்தின் சைக்கிள் ஸ்டாண்டிலும் யு பைப் கிடையாது, ஆனாலும் வண்டிகள் பத்திரமாக இருக்கின்றனவே? இருக்கின்றன. அங்கே பாதுகாப்பைத் தருவது இரும்பு அல்ல, ஆள். டோக்கனைக் கொடுக்காமல் வண்டியை வெளியே விடாத ஆள். அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன், அதைவிடச் சிறந்த பூட்டு இன்னும் வரவில்லை. ஆனால் நான்கைந்து வீடு உள்ள கட்டடத்தில் இரவும் பகலும் ஓர் ஆளை வைக்க முடியாது. கேமரா வைக்கலாம், அது போன வண்டியின் படத்தைத் தரும். ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆளின் வேலையில் ஒரு பங்கையாவது ரேக் செய்ய வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும் ரேக்கால் அந்தப் பங்கைச் செய்ய முடியாது.

பழைய சைக்கிளுக்கு டபுள் ஸ்டாண்டு இருக்கிறதே, சாய்க்க எதற்கு பைப் என்பதும் நியாயமான கேள்வி. நிற்பதற்கு வேண்டாம், பூட்டுவதற்கு வேண்டும். டபுள் ஸ்டாண்டில் போட்டு, பைப்பை ஒட்டி நிறுத்தி, பிரேமைச் சுற்றி ஒரு சங்கிலி போட்டால் பின்பூட்டும் சங்கிலியும் சேர்ந்து இரட்டைக் காவல். ஸ்டாண்டே இல்லாமல் வரும் புதிய மாடல்களுக்குச் சாய்மானமும் கிடைக்கும்.

இடம் கொடுக்க மாட்டோம் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில், அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டரில், ஒரு யு பைப்பும் இரண்டு சைக்கிளும் அடங்கிவிடும். மூன்று வண்டி இடத்தை விட்டுக் கொடுத்தால் ஆறு சைக்கிள். விட்டுக் கொடுப்பது என்ற சொல்லே பொருந்தாது. 2010-இல் நஹல்சந்த் லாலூசந்த் வழக்கில், மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த கேள்விக்கு, தூண்களுக்கு இடையிலான நிறுத்துமிடம் பொதுப் பகுதி, கட்டியவர் அதைத் தனியே விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நியாயத்தின்படி பொது இடத்தில் கார் இல்லாத வீட்டுக்கும் பங்கு உண்டு. சைக்கிள் மட்டுமே வைத்திருக்கும் குடும்பம் இதுவரை அந்தப் பங்கைக் கேட்கவில்லை, அவ்வளவே.

சுவர்க் கொக்கியும் இரண்டடுக்கு ரேக்கும் இணையத்தில் அழகாகத் தெரியும். நம் பெரிய சைக்கிள் ஏறக்குறைய 20 கிலோ. ஓவர்டைம் முடித்து இரவு வந்து இறங்கும் ஒரு பெண் புடவையோடு அதைத் தலையுயரத்துக்குத் தூக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. இரண்டடுக்கு ரேக்குக்கு ஒன்பது அடி அளவுக்குக் கூரை வேண்டும், பீம் தொங்கும் நம் நிறுத்துமிடங்களில் அது கிடைப்பது அரிது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள்கள் அப்படி அடுக்கி நிற்கின்றன. அங்கே அதைப் பராமரிக்கத் தனி ஊழியர்கள் இருக்கிறார்கள்.

எந்த இடத்தில் ஊன்றுவது என்பதில் சமரசம் கூடாது. மூலையில், தூணுக்குப் பின்னால், மோட்டார் அறைக்கு அப்பால் ஊன்றினால் நல்ல ரேக்கும் வீண்தான், திருட வருபவருக்கு மறைவிடம் செய்து கொடுத்ததாகிவிடும். படிக்கட்டில் இறங்கும் எல்லோர் கண்ணிலும் படுகிற, விளக்கு விழுகிற, வாசலுக்குக் கிட்டே உள்ள இடம் வேண்டும். ஷிப்ட் முடிந்து இருட்டில் வருபவருக்கும் அதுவே நிம்மதி. அந்த இடத்தைத்தான் மின்சார ஸ்கூட்டருக்கும் கேட்பார்கள், பிளக் பாயின்ட் அங்கே இருக்கிறது என்பார்கள். ஒயரை நீட்டி பிளக்கை உள்ளே தள்ளி வைக்கலாம், கண்பார்வையை நீட்ட முடியாது. ஒரே மாதிரி அரசு சைக்கிள்கள் இருந்தால் ஒவ்வொரு பைப்பின் தலையிலும் வீட்டு எண்ணை எழுதிவிடுங்கள், காலை அவசரத்தில் ஒருவர் வண்டியை மற்றவர் எடுத்துக்கொண்டு போகும் குழப்பம் இருக்காது.

பிரேமின் பெயின்ட் கீறாமல் இருக்கப் பைப்பைச் சுற்றி ஏதாவது கட்டத் தோன்றும். ஷூ கம்பெனி ஊரில் தோல் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை, அதைச் சுற்றித் தைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதற்கடியில் பைப் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். பஞ்சர் கடையில் கழித்துப் போட்ட பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி இறுக்கிச் சுற்றி, ஓரத்தைக் கம்பியால் கட்டினால் போதும். வருடத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றலாம்.